ஆக்ராவைக் கிண்டலடித்து எழுதுவது எப்படி

தாஜ்மஹாலின் கிழக்கு வாசல் சோதனையில், எங்கள் கூட்டத்துப் பாட்டி ஒருவரின் சுருக்குப்பைக்குள்ளிருந்து பெண் காவலர் பாக்குவெட்டியை வெளியே எடுத்தார். பார்த்ததும் “சரௌதா” என்று சிரித்தார். அவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறதாம். ஆனாலும் உள்ளே கொண்டுபோக முடியாது என்று சொல்லிவிட்டார். புகையிலைப் பொட்டலமும் போயிற்று. பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏம்ப்பா, இதை வெச்சு நான் அந்த மண்டபத்தையா வெட்டப் போறேன்?” என்றார். பின்னால் வரிசையில் நின்ற இருபது பேரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத காவலரும் சேர்ந்து சிரித்தார்.

ஆக்ராவைப் பற்றிக் கிண்டலாக எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். தாஜ்மஹால் இன்னும் கண்ணில் படவே இல்லை. அதற்குள் கட்டுரை தொடங்கிவிட்டது.

நான் 2012 முதல் கும்பகோணத்திலிருந்து காசி யாத்திரைக் கூட்டங்களை அழைத்துப் போகிறேன். ஒரு கூட்டத்துக்கு நாற்பது பேர், ஒரு சமையல்காரர், அவருக்குக் கையாள் இரண்டு பேர். பிரயாகை, காசி, கயா எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பும்போது ஆக்ராவுக்கு ஒரு நாள். புண்ணியத்துக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க இறங்கும் ஒரே நாள் அது. அந்த நாளைப் பற்றி ஒரு மாத இதழில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு கட்டுரைகள் எழுதி வருகிறேன். கூட்டத்தில் வருகிறவர்களில் எழுதும் ஆசை உள்ளவர்கள் “எப்படி எழுதறீங்க?” என்று கேட்பார்கள். ரயிலில் அவர்களுக்குச் சொல்வதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில், ஏன் ஆக்ரா? ஆக்ராவை யாரும் முதல் தடவையாகப் பார்ப்பதில்லை. காலண்டரில் பார்த்திருப்போம். பள்ளிப் பாடத்தில் பார்த்திருப்போம். கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்த, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெரியும் தாஜ்மஹால் இருபது வருஷமாக டிவிக்குப் பக்கத்தில் தூசு படிந்து இருந்திருக்கும். அவ்வளவு பழக்கமான ஒன்றைப் பார்க்க இரண்டு ராத்திரி ரயிலில் போய், வரிசையில் நின்று, செருப்புக்கு மேல் துணி உறை மாட்டிக்கொண்டு நிற்கிறோம். மனத்திலிருக்கும் படத்துக்கும் காலிலிருக்கும் உறைக்கும் நடுவே இருக்கிற தூரத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. பெயர் தெரியாத ஊரில் அது கிடைக்காது. பெரும் புகழ் பெற்ற ஊரில் மட்டும்தான் கிடைக்கும்.

நோட்டில் என்ன எழுதுவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கைபேசியில் குறித்தால் படம் எடுக்கத் தோன்றிவிடும். படம் எடுத்தால் எழுதத் தோன்றாது.

எண்களை எழுதுங்கள். இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். கேலியாக எழுத வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே “ஒரே கூட்டம்”, “ஒரே கொள்ளை”, “ஒரே குப்பை” என்று ஆரம்பிக்கிறார்கள். இந்த ‘ஒரே’ வருகிற இடத்தில் சிரிப்பு செத்துவிடும். காரணம், படிக்கிறவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. எழுதியவரின் எரிச்சல் மட்டும்தான் தெரிகிறது.

போன தடவை என் நோட்டில் இருந்த பக்கம் இது: பேருந்திலிருந்து இறங்கித் திரும்ப ஏறும்வரை 4 மணி 10 நிமிடம். பேட்டரி வண்டிக்குக் காத்திருந்தது 25. சோதனை வரிசை 50. பையை லாக்கரில் வைக்கத் திரும்பி நடந்தது 20. பளிங்குப் பெஞ்சில் உட்கார்ந்து படமெடுக்க 40. செருப்பு உறை மாட்ட 10. காணாமல் போன இரண்டு பேரைத் தேடியது 35. மும்தாஜின் கல்லறைக்கு முன்னால் நின்றது 3 நிமிடம். மீதி நடை.

இதை அப்படியே வரிசையாக எழுதினால் போதும். ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாம். ‘3 நிமிடம்’ என்ற இடத்தில் படிக்கிறவர் தானாகச் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசிக்கவும் செய்வார்.

சரியாக எழுத வேண்டிய சில விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். இவற்றில் தப்பு வந்தால் கட்டுரை முழுவதையுமே நம்ப மாட்டார்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மஹாலுக்குள் பயணிகளை விடமாட்டார்கள். நான் கடைசியாகப் போனபோது இந்தியர்களுக்கு நுழைவுச் சீட்டு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போகத் தனியாக 200 ரூபாய். வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய், மண்டபத்துக்கு அதே 200. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். 500 மீட்டர் சுற்றளவுக்குள் பெட்ரோல், டீசல் வண்டி கிடையாது. அதனால்தான் பேட்டரி வண்டி. தின்பண்டம் எதுவும் உள்ளே போகாது. எங்கள் கூட்டத்தின் சீடையும் முறுக்கும் வாசலில் நிற்கும் சமையல்காரரிடம் போய்ச் சேரும். அவர் மூன்று கூட்டத்துக்கு ஒரு தடவைதான் தாஜ்மஹாலை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். அவரை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம்.

பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. 1992 பிப்ரவரியில் இங்கிலாந்து இளவரசி டயானா அதில் தனியாக உட்கார்ந்திருந்த படம் உலகம் முழுக்கப் போயிற்று. அன்றிலிருந்து அது டயானா பெஞ்ச். தனியாக உட்கார்ந்தது போலப் படம் வேண்டும் என்று அதைச் சுற்றி எப்போதும் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். எழுத்தாளர் செய்ய வேண்டியது பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் நின்று, காத்திருக்கும் ஐம்பது முகங்களைப் பார்ப்பது. எங்கள் ஊர்த் தம்பதி ஒன்று, கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷம், அங்கே உட்கார்ந்ததும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டுக்கொண்டார்கள். படம் எடுக்கிறவர் கிட்டே போகச் சொல்லி சைகை காட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா கைப்பையை எடுத்து அந்த இடைவெளியில் வைத்தார்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

என் முதல் கட்டுரையில் தாஜ்மஹாலுக்குள் இருக்கும் உரிமம் பெற்ற புகைப்படக்காரர் ஒருவரைக் கிண்டல் செய்திருந்தேன். அவருக்கு அறுபது வயது இருக்கும். தமிழர்கள் என்று தெரிந்ததும் “இட்லி, வடை, கொஞ்சம் சிரி, கையைத் தூக்கு” என்பார். கோபுர உச்சியை விரலால் பிடித்துத் தூக்குவது போல நிற்க வைப்பார். நான் அவருடைய தமிழை அவர் உச்சரித்தபடியே எழுதினேன். அவர் போட்டிருந்த கோட்டின் கிழிந்த பையையும் எழுதினேன். கட்டுரை நன்றாக இருக்கிறது என்று நிறையப் பேர் சொன்னார்கள்.

மறு வருஷம் போனபோது கூட்டத்தில் ஒருவர் அந்த இதழைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவரிடம் போய், “உங்களைப் பற்றி நம்ம சார் எழுதியிருக்கிறார்” என்று காட்டிவிட்டார். புகைப்படக்காரருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்தைத் தடவிப் பார்த்தார். தன் மகனிடம் காட்ட ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் நீட்டி, “இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள்” என்று ஹிந்தியில் கேட்டார். எனக்கு வேண்டிய அளவு ஹிந்தி வரும். ஆனாலும் படித்துச் சொல்ல முடியவில்லை. நல்லபடியாக எழுதியிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அவர் அன்று எங்கள் கூட்டத்துப் படம் ஒன்றுக்குக் காசு வாங்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே ஒரு சோதனைதான். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர் எதிரே நின்று “படித்துச் சொல்” என்றால் சொல்ல முடிய வேண்டும். அவர் சிரிக்க வேண்டியதில்லை, கோபப்படலாம். எனக்கு நாக்கு எழ வேண்டும், அவ்வளவுதான். அரண்மனை போன்ற ஷோரூம் வைத்திருக்கிறவரிடம் எனக்கு நாக்கு எழும். கைபேசி வந்த பிறகு நாளைக்கு நாலு படம் விற்பதே கஷ்டமாகிவிட்ட மனிதரிடம் எழாது.

ஆகவே எழுத உட்காரும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் பார்த்தவர்களில் உங்களிடமிருந்து இருபது ரூபாய் பெறுவதற்காக வெயிலில் நின்றவர்கள் ஒரு பக்கம். நிழலில் உட்கார்ந்து உங்களிடம் இருபதாயிரம் வாங்கப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். கேலி முழுவதும் இரண்டாவது பத்திக்குப் போக வேண்டும். அவர்களை விடவும் தாராளமாகக் கேலி செய்யத்தக்க ஒரு கூட்டம் உண்டு. அது நாம்தான், பயணிகள். நாற்பது பேரை வருஷம் முழுக்கப் பார்க்கிறவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன், தாஜ்மஹாலைவிடத் தாஜ்மஹால் பார்க்க வந்தவர்கள் ஆயிரம் மடங்கு சுவையானவர்கள்.

வெள்ளிக்கிழமைதான் இதற்குச் சிறந்த உதாரணம். ஒரு தடவை ரயில் தாமதமாகி எங்கள் ஆக்ரா நாள் வெள்ளியில் விழுந்துவிட்டது. நாற்பது பேரிடமும் சொல்லி, யமுனைக்கு அக்கரையிலுள்ள மேதாப் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து தாஜ்மஹாலின் பின்பக்கம் ஆற்றோடு சேர்ந்து தெரியும். அது நாலு பக்கமும் ஒரே மாதிரி கட்டப்பட்டது. முன் எது, பின் எது என்று தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது சிரமம். ஆனாலும் ஒரு மாமா ஊர் திரும்பும்வரை என்னை மன்னிக்கவில்லை. “எனக்கு முதுகைக் காட்டிட்டீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த ஒரு வாக்கியத்தை நான் பத்து நாள் யோசித்தாலும் எழுதியிருக்க மாட்டேன். பயணிகள் பேசுவதை அவர்கள் வாய்மொழியிலேயே, அன்றைக்கே, எழுதிவிடுங்கள். மறுநாள் அது உங்கள் மொழியாக மாறிவிடும்.

கதைகளைச் சரிபார்ப்பது

ஆக்ராவில் வழிகாட்டிகள் சொல்லும் கதைகள் கிண்டலுக்குப் பொன்னான இடம். சரிபார்த்தபின் மட்டுமே கை வையுங்கள்.

கருப்புத் தாஜ்மஹால் கதை எல்லோருக்கும் தெரியும். ஷாஜஹான் தனக்காக அக்கரையில் கருப்புப் பளிங்கில் இன்னொன்று கட்டத் தொடங்கினார், மகன் சிறை வைத்ததால் நின்றுபோயிற்று என்பார்கள். இதற்கு மூலம் 17ஆம் நூற்றாண்டில் ஆக்ராவுக்கு வந்த ழான் பப்திஸ்த் தவெர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரியின் பயணக் குறிப்பு. ஷாஜஹான் ஆற்றின் மறுகரையில் தன் கல்லறையைக் கட்டத் தொடங்கினார் என்று அவர் எழுதிவைத்தார். மேதாப் தோட்டத்தில் கிடந்த கருத்த கற்களைக் காட்டி, பார் இதுதான் அது என்றார்கள். 1990களில் அங்கே அகழாய்வு நடந்தபோது அவை கருப்புப் பளிங்கு இல்லை, நிறம் மாறிக் கருத்துப்போன வெள்ளைக் கல் என்று தெரிந்தது. அதோடு எண்கோணத்தில் ஒரு பெரிய குளமும் வெளிவந்தது. நிலவில் தாஜ்மஹாலின் நிழல் விழுவதற்கான குளம். கருப்புத் தாஜ்மஹால் தண்ணீருக்குள்தான் இருந்தது. கட்டுக்கதையைவிட உண்மை அழகாக இருக்கிற இடம் இது. கேலி செய்யப் போனவன் இங்கே கொஞ்சம் வாயடைத்து நிற்பதும் கட்டுரைக்கு நல்லது.

இருபதாயிரம் சிற்பிகளின் கையை வெட்டினார்கள் என்ற கதைக்கு ஆதாரமே கிடையாது. தாஜ்மஹால் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1639இல், டெல்லியில் ஷாஜஹானாபாத் என்ற புது நகரத்தையும் கோட்டையையும் அதே அரசர் தொடங்கிவிட்டார். கட்டட வெறி பிடித்த ஒருவர் வேலை தெரிந்த கைகளை வெட்டிவிட்டு அடுத்த வேலையை யாரை வைத்துச் செய்வார்? இந்தக் கேள்வியை வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, “அதனால்தான் டெல்லியில் இவ்வளவு நன்றாக வரவில்லை” என்றார். அவருடைய சாமர்த்தியத்துக்கு நான் தலை வணங்கினேன். அதை அப்படியே எழுதினேன், படித்துக் காட்டியிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூர். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வடநாட்டுப் பயணிகளிடம் அதைப் பெருமையாகச் சொல்லுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு சாயங்காலம் போய் நின்றால் நிழல் நீளமாக விழுந்து கிடப்பது தெரியும். ராஜராஜன் கட்டிய கற்றளிக்கு நிழலைப் பற்றிய பொய் தேவையே இல்லை, ஆனாலும் நாம் சொல்கிறோம். ஆக்ரா வழிகாட்டியின் கதையைக் கிண்டலடிக்கும் கட்டுரையில் தஞ்சாவூர் நிழலையும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் அது ‘வடக்கத்திக்காரன் பொய்யன்’ என்று முடியாமல் இருக்கும்.

பளிங்குக் கடைக்கும் இதே முறைதான். பேருந்து எப்படியும் ஒரு கடை வாசலில் நிற்கும். உள்ளே நுழைந்ததும் நாலு பேர் தரையில் உட்கார்ந்து, கையால் சுழற்றும் சாணைக்கல்லில் நகக்கண் அளவு கல்லைத் தேய்த்துப் பூவிதழாக்கிக்கொண்டிருப்பார்கள். பளிங்கில் குழி வெட்டி அதற்குள் அந்த இதழைப் பதிப்பார்கள். ஒரு பூவுக்குப் பல துண்டுகள். தாஜ்மஹால் சுவரில் இருப்பதும் இதே வேலைதான். அந்த வேலை நிஜம். அந்தக் கைகளிலிருக்கும் காயங்களும் நிஜம். அதற்கு அடுத்த அறையில்தான் கேலி தொடங்க வேண்டும். குளிர்சாதன அறை, இனிப்புத் தேநீர், விளக்கை அணைத்து டார்ச் அடித்துச் சிவப்புக் கல் கனலாக ஒளிர்வதைக் காட்டுவது, “உங்களுக்காக மட்டும்” ஒரு விலை. அங்கே மாவுக்கல்லைப் பளிங்கு என்று விற்பதும் நடக்கும். நகத்தால் கீறிப் பாருங்கள். மாவுக்கல்லில் கோடு விழும், பளிங்கில் விழாது. நம்மை அழைத்துப் போனவருக்கு அதில் பங்கு உண்டு. இந்த ஏற்பாட்டை விவரமாக, தேதியும் விலையும் போட்டு எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவரிடம் 4,500 ரூபாய் சொன்ன பெட்டி, நாங்கள் பேருந்தில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக 700 ரூபாய்க்கு வந்தது. இடையில் இறங்கிய ஒவ்வொரு விலையையும் நான் நோட்டில் எழுதியிருந்தேன். 4,500, 3,200, 2,000, 1,500, 1,100, 700. இந்த ஆறு எண்ணும் எந்த உவமையைவிடவும் நன்றாகப் பேசும்.

எந்தக் குரலில் எழுதுவது

நக்கல் வேறு, வஞ்சப்புகழ்ச்சி வேறு. பள்ளிக்கூடத்தில் அணியிலக்கணத்தில் படித்த அதே வஞ்சப்புகழ்ச்சிதான். புகழ்வது போல இகழ்வது. பயணக் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி தமிழில் இல்லை. அதற்கு நம்மிடம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய முன்மாதிரியும் இருக்கிறது. அதியமானின் தூதாகப் போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டினான். பார்த்துவிட்டு அவர் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டு. இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். ஒரு வசைச்சொல் இல்லை. பார்த்ததை மட்டும் சொன்னார். பளபளப்பாக இருக்கிற ஆயுதம் சண்டை காணாத ஆயுதம் என்பதைத் தொண்டைமானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு ஆக்ராவுக்குப் போங்கள். “ஷோரூம்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள்” என்று எழுதினால் திட்டு. “உலகத்திலேயே பேருந்தை ஓடிவந்து துரத்தி ஆறில் ஒரு பங்கு விலைக்குத் தரும் தயாள குணம் ஆக்ராவில்தான் இருக்கிறது” என்று எழுதினால் வஞ்சப்புகழ்ச்சி. இரண்டாவதை எழுத உங்களிடம் அந்த ஆறு எண்களும் இருந்தாக வேண்டும். கையில் விவரம் இல்லாதவர்கள்தான் உரக்கக் கத்துகிறார்கள்.

ஆச்சரியக்குறி போடாதீர்கள். ‘ஹா ஹா’ போடாதீர்கள். வாசகருக்குச் சிரிப்பு வந்தால் அவரே சிரித்துக்கொள்வார்.

தின்பண்டத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். ஆக்ராவின் பேட்டா என்பது வெண்பூசணி. துண்டு போட்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, பாகில் காய்ச்சுகிறார்கள். ஆயுத பூஜையன்று நாம் தெருவில் போட்டு உடைக்கும் காய், அங்கே அட்டைப் பெட்டியில் அடுக்கி விற்கப்படுகிறது. இதை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கல்யாணப் பந்தியில் நாம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கும் காசி அல்வாவும் இதே பூசணிதான் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள். காலையில் தெருவோரத்தில் கிடைக்கும் பேடை என்ற பருப்பு வைத்த பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் அருமையாக இருக்கும். அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் கட்டுரை குறைந்துவிடாது.

எங்கே நிறுத்துவது

ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு பத்தியில் சிரிப்பு கிடையாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன். ஆக்ராவில் அந்தப் பத்திக்கு நிறைய இடங்கள் இருக்கின்றன. ஷாஜஹான் 1658 முதல் 1666இல் இறக்கும்வரை மகனின் காவலில் இருந்த கோட்டை மாடம் ஒன்று. அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் தாஜ்மஹால் சின்னதாகத் தெரியும். காற்று மாசினால் பளிங்கு மஞ்சளானது இன்னொன்று. சுற்று வட்டாரத்தில் நிலக்கரி எரித்த 292 தொழிற்சாலைகள் எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடம் பெயர வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இப்போதும் முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, காயவைத்துக் கழுவி, அந்தக் கல்லை வெளுக்க வைக்கிறார்கள். பெண்கள் முகத்துக்குப் போடும் அதே மண்.

ஆனால் நான் எப்போதும் எடுத்துக்கொள்வது வேறு ஒன்றை. பேருந்தில் எல்லோரும் காதல், காதல் சின்னம் என்று பேசி, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு வருவார்கள். ஊருக்குள் நுழையும்போது மைக்கை எடுத்து, மும்தாஜ் 1631இல் புர்ஹான்பூரில் இறந்தார் என்று சொல்வேன். அரசர் போருக்காகப் போயிருந்த ஊர் அது. பதினாலாவது பிரசவத்தில் இறந்தார். முதலில் அங்கேயே புதைத்து, பிறகுதான் ஆக்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். ‘பதினாலாவது’ என்று சொன்னதும் பெண்கள் பக்கம் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படித்தான். ஒரு தடவை எண்பது வயது அம்மா ஒருவர், “எனக்கு ஒன்பது, தங்கினது நாலு” என்றார். வேறு யாரும் எதுவும் பேசவில்லை. அன்று கல்லறைக்கு முன்னால் அந்த அம்மா மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றார். காவலர் விசில் ஊதியும் நகரவில்லை. இரண்டு சமாதிகளில் நடுவில் சரியாக இருப்பது மும்தாஜுடையது, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒழுங்கைக் குலைப்பது ஷாஜஹானுடையது, நிஜக் கல்லறைகள் இதற்குக் கீழே இருக்கின்றன என்று சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் அதைக் கேலிக்கு நடுவில் வையுங்கள், கடைசியில் வைக்காதீர்கள். கடைசியில் வைத்தால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். நடுவில் வைத்துவிட்டு, அடுத்த பத்தியில் செருப்பு உறையைக் கழற்றும் இடத்துக்குப் போய்விடலாம். வாழ்க்கையில் அது அப்படித்தான் நடந்தது.

படித்துக் காட்டுவது

ஊர் போய்ச் சேர்ந்து எழுதலாம் என்று விடாதீர்கள். முதல் பிரதியை ரயிலிலேயே எழுதிவிடுங்கள். ஆக்ராவில் ராத்திரி ஏறினால் அடுத்த நாள் பகல் முழுக்க நேரம் இருக்கிறது. போபாலுக்கும் நாக்பூருக்கும் நடுவில் எழுதுவேன். நாக்பூர் தாண்டி, மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு பெட்டியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். கட்டுரையில் இருப்பவர்கள் எல்லோரும் எதிரிலேயே இருப்பார்கள். எந்த வரியைப் படிக்கும்போது நாம் வேகத்தைக் கூட்டுகிறோமோ, அந்த வரியை அடித்துவிட வேண்டும். பொதுவாக அதில்தான் யாரையாவது காயப்படுத்தியிருப்போம்.

பாக்குவெட்டிக் கட்டுரையை இப்படிப் படித்தபோது பாட்டி மேல் பெர்த் கம்பியில் கட்டிய தொட்டிலை ஆட்டிக்கொண்டு கேட்டார். பேத்தியின் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்தை வெட்டும் வரி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். முடிந்ததும், “எல்லாம் சரிப்பா. அது திரும்பக் கிடைச்சுதுன்னு எழுதலையே?” என்றார்.

நான் எழுதவில்லைதான். லாக்கரில் இருந்த பையன் அதைத் தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, கூர் பக்கத்துக்கு இன்னொரு மடிப்பு கொடுத்து, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தான். சாயங்காலம் வாங்கும்போது பாட்டி பத்து ரூபாய் நீட்டினார், அவன் வாங்கவில்லை. “அதையும் போடு. அந்தப் புள்ளை படிச்சா சந்தோஷப்படும்” என்றார்.

பல்லார்ஷா ஸ்டேஷன் வருவதற்குள் அந்த நாலு வரியையும் எழுதிச் சேர்த்துவிட்டேன்.